பிடிமானம் – 9: சும்மா இருக்கும் நடுப்பகுதி

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி ப்ருய்ன் 1941-ல் ரீடக்ஸ் பசையை உருவாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். விமானத்தின் உலோகப் பாகங்களை ரிவெட் அடிக்காமல் ஒட்டியே இணைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது. நம்பிக்கை வந்ததும் வடிவமைப்பாளரின் மேஜைக்கு அடுத்த கேள்வி வந்து சேர்ந்தது. எவ்வளவு நீளத்துக்கு ஒட்டுவது?

பதில் சுலபம்போலத் தோன்றும். பசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு தாங்கும் என்று சோதனைச் சாலையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை ஒட்டும் பரப்பால் பெருக்கினால் மொத்த பலம் வந்துவிடும். பலம் போதவில்லையா, ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கு. கடையில் பசை வாங்கும் நாமும் இப்படித்தான் நினைக்கிறோம்.

இந்தக் கணக்கு தவறு. எங்கே தவறுகிறது என்பதை ஒரு சிறிய உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

இரட்டிப்பாக்கியும் ஏறாத பலம்

2 மி.மீ. தடிமனும் 25 மி.மீ. அகலமும் உள்ள இரண்டு அலுமினியப் பட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் நுனியை மற்றதன் நுனிமேல் 25 மி.மீ. நீளத்துக்கு ஏற்றிவைத்து, நடுவே 0.2 மி.மீ. தடிமனுக்கு எபாக்ஸி பசை. பசை இறுகிய பிறகு ஒரு பட்டையின் மறுமுனையை மேலே மாட்டிவிட்டு, இன்னொன்றின் முனையில் ஏறத்தாழ 500 கிலோ எடையைத் தொங்கவிடுகிறோம்.

அந்த எடை ஒரு பட்டையிலிருந்து மற்றதற்குப் பசை வழியாகத்தான் போயாக வேண்டும். பசை இங்கே நேராக இழுபடுவதில்லை, பக்கவாட்டில் சறுக்குகிறது. தடித்த புத்தகம் ஒன்றை மேஜையில் வைத்து மேலட்டையை மட்டும் தள்ளினால் தாள்கள் சாய்ந்துகொடுக்குமே, அந்த மாதிரி. சாய்வுக்கு எதிராகப் பசை காட்டும் விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. எவ்வளவு சாய்ந்தது என்பதைப் பசையின் தடிமனால் வகுத்தால் கிடைப்பது திரிபு. பிளஸ் டூ இயற்பியலில் படித்தவைதான்.

சராசரித் தகைவு நம் உதாரணத்தில் 8 மெகாபாஸ்கல். ஆனால் எந்த இடத்திலும் சராசரி நிலவ வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒட்டிய பகுதியின் ஒரு முனையைப் பாருங்கள். அங்கே ஒரு பட்டை முழு எடையையும் சுமந்து நீண்டிருக்கிறது. அதோடு ஒட்டியிருக்கும் இன்னொரு பட்டைக்கோ அது வெறும் நுனி. சுமை ஏதுமில்லை, ஆகவே நீளவுமில்லை. ஒன்று நீள, மற்றது நீளாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பசை அங்கே அதிகம் சாய்கிறது. மறுமுனையில் பட்டைகளின் பாத்திரங்கள் இடம் மாறுகின்றன, பசையின் கதி அதேதான். நடுவில் இரண்டு பட்டைகளும் ஆளுக்குப் பாதிச் சுமையை ஏற்று ஒரே அளவில் நீள்கின்றன. ஆகவே அங்கே பசைக்குப் பெரிய வேலை இல்லை.

இதைச் சமன்பாடாக எழுதியவர் ஓலாஃப் வோல்கர்சன் என்ற ஜெர்மானியர். ஆண்டு 1938. அவர் பசையைப் பற்றி யோசிக்கவேயில்லை. வரிசையாக ரிவெட் அடித்த தகடுகளில் எந்த ரிவெட் எவ்வளவு சுமக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. முதல் ரிவெட்டும் கடைசி ரிவெட்டும் அதிகம் சுமக்கின்றன என்று வந்தது. ரிவெட்டுகளை நெருக்கிக்கொண்டே போய், இடைவெளியே இல்லாத தொடர்ச்சியாகக் கற்பனை செய்தால் அது பசை! ஒட்டு இணைப்பைப் பற்றிய எல்லாக் கணக்குகளுக்கும் இன்றும் தொடக்கப்புள்ளி ரிவெட்டுக்காக எழுதிய அந்தக் கட்டுரைதான்.

வோல்கர்சன் சமன்பாட்டில் நம் எண்களைப் போட்டால், முனைகளில் தகைவு சராசரியைப்போல் 3.35 மடங்கு, ஏறத்தாழ 27 மெகாபாஸ்கல். நடுவில் சராசரியின் கால் பங்கைவிடச் சற்றுக் குறைவு. இப்போது ஒட்டும் நீளத்தை 50 மி.மீ. ஆக்குவோம். சராசரி பாதியாகிவிடும். ஆனால் முனையில் உள்ள உச்சத் தகைவு? ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. கூடுதலாகப் போட்ட 25 மி.மீ. பசை முழுவதும் நடுவில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டது.

இழுத்தால் வளையும்

1944-ல் மார்ட்டின் கோலண்டும் எரிக் ரைஸ்னரும் இன்னொரு சிக்கலைக் கணக்கில் சேர்த்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய பட்டைகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. இழுக்கும்போது இரண்டு விசைகளும் ஒரே கோட்டுக்கு வரப் பார்க்கின்றன, அதனால் இணைப்பு சற்றே திரும்பி வளைகிறது. வளையும்போது முனைகளில் பட்டை பசையிலிருந்து உரிந்து வரப் பார்க்கிறது. சறுக்கலை ஓரளவு நன்றாகவே தாங்கும் பசைக்கு உரிப்பு ஆகாது. பல இணைப்புகளில் முதல் விரிசலைத் தொடங்கிவைப்பது இந்த உரிப்புதான்.

விமானத் தொழிலில் ஒட்டும் முனைகளைச் சரிவாகச் சீவி மெலியச் செய்வது இதற்காகத்தான். மெலிந்த முனை வளைந்துகொடுக்கும். பசையை அது கிழிக்காது.

ஐந்து மைக்ரானை அளப்பது எப்படி?

சமன்பாடு சொல்வது உண்மைதானா என்று அளந்து பார்க்க வேண்டாமா? இங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. நம் உதாரணத்தில் முனையில் பசையின் திரிபு 2.7 சதவீதம். பசையின் தடிமனோ 0.2 மி.மீ.தான். ஆக, ஒரு பட்டை மற்றதிலிருந்து நகரும் தூரம் சுமார் ஐந்து மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கு. நடுவிலோ அரை மைக்ரான்கூட இல்லை. அதுவும் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத இடத்தில்.

அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் விமானப் பசைகளோடு வேலை செய்த ரேமண்ட் க்ரீகர் இதற்கு ஒரு வழி கண்டார். பசையின் குணத்தை மட்டும் அளக்க வேண்டுமானால், நீளாத உலோகத்தோடு அதை ஒட்டிவிடலாம். மெல்லிய தகட்டுக்குப் பதிலாக 9.5 மி.மீ. தடிமனுள்ள அலுமினியக் கட்டைகளை எடுத்துக்கொண்டு, ஒட்டும் நீளத்தையும் அதே அளவுக்குச் சுருக்கினால் தகைவு ஏறக்குறைய ஒரே சீராகப் பரவும். பசைக் கோட்டின் இருபுறமும் ஊசிமுனைகளைப் பதித்து, அவற்றின் இடப்பெயர்ச்சியை நுணுக்கமாக அளக்கும் கேஜிஆர்-1 என்ற கருவியை அவர் இதற்காகச் செய்தார். அவ்வளவு தடித்த அலுமினியமும் கொஞ்சம் நெளியும். அதைக் கழிக்க, பசையே இல்லாமல் ஒரே உலோகத்தில் குடைந்த அதே வடிவக் கட்டையில் கருவியை மாட்டி அளந்துகொண்டார்கள். இன்று வடிவமைப்பாளர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றும் பசையின் தகைவு–திரிபு வளைகோடுகளில் பல இப்படிக் கிடைத்தவைதான்.

இது பசையின் குணத்தைச் சொல்லும். நிஜமான இணைப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு ஸ்ட்ரெய்ன் கேஜ் வந்தது. கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸும் எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், 1938-ஐ ஒட்டி இதைக் கண்டுபிடித்தார்கள். மெல்லிய கம்பியைப் பொருளின்மேல் ஒட்டிவிட வேண்டும். பொருள் நீண்டால் கம்பியும் நீளும், அதன் மின்தடை மாறும். 120 ஓம் கேஜ் ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி ஏற்பட்டால் மாற்றம் சுமார் 0.24 ஓம். இந்தக் கருவியின் உயிரும் பசையில்தான் இருக்கிறது! கேஜை ஒட்டிய பசை சறுக்கினால் அளவே பொய்.

ஆனால் கேஜைப் பசைக்குள் புதைக்க முடியாது. எனவே ஆய்வாளர்கள் பட்டையின் வெளிப்பக்கத்தில், ஒட்டிய பகுதியின் முனைக்கு நேர் மேலே அதை ஒட்டுகிறார்கள். இணைப்பு வளைவதால் அங்கே ஒரு குறிப்பிட்ட திரிபு பதிவாகும். உள்ளே பசையில் விரிசல் விட்டால் வளைவு மாறும், வெளியே கேஜின் எண்ணும் மாறும். பல்லாயிரம் முறை இழுத்துத் தளர்த்தும் சோதனைகளில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எப்போது பிறந்தது என்பதை இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

1980-களின் தொடக்கத்தில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கேமராவையே அளவுகோலாக்கினார்கள். இணைப்பின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட் பூசி, அதன்மேல் கறுப்புப் புள்ளிகளை ஒழுங்கில்லாமல் தெளித்துவிடுவார்கள். சுமை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளிக் கூட்டமும் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடிக்கும். ஒரு பிக்ஸலின் நூறில் ஒரு பங்கு நகர்வுவரை அதற்குத் தெரியும். டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷன் என்ற இந்த முறையில், மைக்ராஸ்கோப் லென்ஸ் பொருத்திய கேமராவால் 0.2 மி.மீ. பசைக் கோட்டின் திரிபை நீளவாக்கில் வரைபடமாகவே எடுத்துவிடலாம். முனைகளில் உச்சம், நடுவில் பள்ளம். வோல்கர்சன் காகிதத்தில் வரைந்ததைத் திரையில் பார்க்கலாம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. கேமரா பார்ப்பது வெளிவிளிம்பை மட்டும்தான். அகலத்தின் உட்பகுதியில் பசை பக்கவாட்டில் சுருங்க இடமில்லாமல் இறுகிக் கிடக்கிறது, அங்கே நிலவரம் வேறு. சரி, ஒளியிழை உணரியை உள்ளே வைத்துவிட்டால்? ஒளியிழையின் விட்டம் 125 மைக்ரான், பசையின் தடிமன் 200 மைக்ரான். அளக்கப் போன கருவி, அளக்க வேண்டிய இடத்தையே மாற்றிவிடும்.

ஆகவே எட்டுகிற இடத்தில் அளக்கிறோம். எட்டாத இடத்துக்குக் கணக்கை அனுப்புகிறோம். எட்டிய இடத்தில் கணக்கும் அளவும் பொருந்தினால்தான், எட்டாத இடத்தைப் பற்றிக் கணக்கு சொல்வதை நம்பலாம்.

மூலையில் முடிவிலி

இன்றைய கணக்கு கம்ப்யூட்டரில் நடக்கிறது. இணைப்பைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் திரிபையும் கண்டுபிடிக்கும் ஃபைனைட் எலிமென்ட் முறை. பட்டையின் முனை பசையைச் சந்திக்கும் கூர்மையான மூலையில் இந்த முறை ஒரு விஷமம் செய்யும். கட்டத்தைப் பாதியாகச் சிறிதாக்கினால் தகைவு கூடும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் கூடும். எல்லையே கிடையாது. காரணம், கணிதத்தின் கூர்மூலையில் தகைவு முடிவிலி. பொறியாளர் எந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்?

நிஜத்தில் மூலைகள் அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை என்பது ஒரு பதில். அழுத்தி ஒட்டும்போது பசை முனையில் பிதுங்கி, சரிவான ஒரு சிறு கரையாக உறையும். அந்தப் பிதுங்கலையும் கணக்கில் சேர்த்தால் உச்சத் தகைவு நன்றாகக் குறைகிறது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆடம்ஸும் பெப்பியாட்டும் 1974-ல் காட்டினார்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பிதுங்கிய பசையை வழித்தெடுத்துவிடும் ஆட்கள், இணைப்பின் பலத்தையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பதில், கேள்வியையே மாற்றிவிடுவது. உச்சத் தகைவு எவ்வளவு என்று கேட்காமல், ஒரு சதுர மீட்டர் பசையைப் பிளக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று கேட்கலாம். சாதாரண எபாக்ஸிக்கு அது சில நூறு ஜூல். ரப்பர் துகள் கலந்து இளக்கிய எபாக்ஸிக்குச் சில ஆயிரம் ஜூல்வரை போகும். இரண்டு பட்டைகளை ஒட்டி, ஒரு முனையில் மேலும் கீழுமாகப் பிளந்து இதை அளக்கிறார்கள். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், பசை எப்படி இழுபட்டு, தளர்ந்து, அறுகிறது என்பதைப் படிப்படியாகப் பின்தொடரலாம். முடிவிலித் தொல்லை இல்லை.

ஏறக்குறைய இதே முடிவுக்கு, கையால் எழுதிய சமன்பாடுகளோடு முன்பே வந்து நின்றவர் ஜான் ஹார்ட்-ஸ்மித். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இருந்த டக்ளஸ் விமானக் கம்பெனியின் பொறியாளர். நீளமான ஒட்டு இணைப்பின் பலத்தைத் தீர்மானிப்பது பசையின் தகைவு–திரிபு வளைகோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு, அதாவது அறுவதற்கு முன் பசை விழுங்கிக்கொள்ளும் ஆற்றல் என்று 1970-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார்.

இரண்டு பசைகளை வைத்துக் கணக்குப் போடுவோம். முதலாவது முறுக்கானது. 60 மெகாபாஸ்கல்வரை தாங்கி, 5 சதவீதத் திரிபில் பட்டென்று உடையும். இரண்டாவது 35 மெகாபாஸ்கலிலேயே இளகிவிடும், ஆனால் 50 சதவீதத் திரிபுவரை இழுபடும். பாக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர் முதலாவதைத்தான் எடுப்பார். வளைகோட்டின் அடியில் உள்ள பரப்பிலோ இரண்டாவது பதினோரு மடங்கு பெரியது. இணைப்பின் பலம் அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே, தகடு முதலில் விட்டுக்கொடுக்காதவரை, மென்மையான பசை போட்ட நீள இணைப்பு மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். முனையில் உள்ள பசை உடையாமல் இளகிக்கொடுத்தால், சுமை உள்நோக்கி நகர்ந்து பக்கத்துப் பசைக்கும் வேலை கிடைக்கிறது.

நடுப்பகுதி எதற்கு?

அப்படியானால் நடுவில் சும்மா இருக்கும் பசையை எடுத்துவிடலாமே? எடையும் குறையும், செலவும் குறையும்.

இதற்கான பதில் பாப்ஸ்ட் என்ற திட்டத்தில் கிடைத்தது. 1970-களின் பிற்பாதியில் அமெரிக்க விமானப்படை, டக்ளஸ் கம்பெனியைக் கொண்டு ஒரு போக்குவரத்து விமானத்தின் உடற்பகுதியைப் பெரும்பாலும் ஒட்டியே செய்து பார்த்த திட்டம் அது. பசைகளுக்கான வழக்கமான சோதனைத் துண்டில் ஒட்டும் நீளம் 12.7 மி.மீ.தான். அவ்வளவு குட்டையான துண்டில், சுமை ஏறும்போது ஓரம் முதல் ஓரம்வரை எல்லாப் பசையும் இளகிவிடும். சும்மா இருக்க யாருமில்லை. சுமையை எடுத்ததும் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவும் யாருமில்லை. அந்தத் துண்டுகளை மெதுவாக, திரும்பத் திரும்ப இழுத்தபோது ஒவ்வொரு முறையும் ஒரு துளி திரிபு மிச்சமாகி, சேர்ந்து சேர்ந்து கடைசியில் அறுந்தன. அதே பசை, நீளமான இணைப்பில் அப்படி அறவில்லை. நடுப்பகுதி இளகாமல் மீள்தன்மையோடு இருந்ததால், சுமை நீங்கும் ஒவ்வொரு முறையும் முனைகளைப் பழைய நிலைக்கு இழுத்து வந்தது.

இதிலிருந்து ஹார்ட்-ஸ்மித் ஒரு விதியே வகுத்தார். நடுவில் உள்ள தகைவு, உச்சத் தகைவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத அளவுக்கு ஒட்டும் நீளம் இருக்க வேண்டும். உடனடி பலத்துக்கு அந்த நீளம் தேவையே இல்லை. அது காலத்துக்காகக் கட்டும் காப்பீடு.

பாஸ்டன் சுரங்கப்பாதை

காலத்தைக் கணக்கில் வைக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், 2003-ல் திறந்த சுரங்கச் சாலை ஒன்றின் தொங்கு கூரை கான்கிரீட் பலகைகளால் ஆனது. மேற்கூரையில் துளையிட்டு, எபாக்ஸி ஊற்றி, அதில் எஃகு போல்ட்டுகளைப் பதித்து, அந்தப் பலகைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். 2006 ஜூலை 10 இரவு அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பலகைகளும் தாங்கிகளுமாக விழுந்த எடை சுமார் 26 டன். கீழே போய்க்கொண்டிருந்த காரில் இருந்த ஒரு பெண் இறந்துபோனார்.

போல்ட்டுகளைப் பதித்ததும் இழுத்துச் சோதித்துத்தான் இருந்தார்கள். சோதனை சில நிமிட விஷயம். பலகைகளோ இரவும் பகலும், வருஷக்கணக்கில் தொங்கின. பயன்படுத்தியது சீக்கிரம் இறுகும் ரக எபாக்ஸி. அந்த ரகம் குறுகிய நேரச் சோதனையில் நன்றாகவே தாங்கும். நீடித்த சுமையில் மெல்ல மெல்ல இளகி நகர்ந்துகொண்டே இருக்கும். பொறியாளர்கள் இதை க்ரீப் என்பார்கள். விமானத்தின் சுமையாவது தரையிறங்கியதும் நீங்கும், தொங்கும் கூரையின் சுமை ஒரு நிமிடமும் நீங்காது. பழைய நிலைக்குத் திரும்பப் பசைக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைத்தான் காரணமாகச் சொன்னது. இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது. கூரையை ஒழுங்கான இடைவெளியில் பரிசோதித்திருந்தால், போல்ட்டுகள் கீழிறங்குவது விபத்துக்கு முன்பே தெரியவந்திருக்கும். 1999-லேயே, கட்டுமானத்தின்போது, சில போல்ட்டுகள் இடம் நகர்ந்திருந்ததைப் பார்த்திருந்தார்கள். சரிசெய்தார்கள். ஏன் நகர்ந்தன என்ற கேள்வியைக் கடைசிவரை தீர்க்கவில்லை. அந்தத் திரிபை அளக்க க்ரீகரின் கருவியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். பள்ளிக்கூட ஸ்கேலும் ஓர் ஏணியும் போதும்.

அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் விதிநூலின் 2011 பதிப்பு, பசையில் பதித்த போல்ட்டுகளுக்குத் தனி விதிகளைச் சேர்த்தது. நீடித்த இழுவை தாங்கும் போல்ட் என்றால், பசையின் பிடிப்புக்காகக் கணக்கிட்ட வடிவமைப்பு பலத்தில் 55 சதவீதத்தைத்தான் பயன்படுத்தலாம். மீதி 45 சதவீதத்தைத் தொடக்கூடாது. லாங் பீச் பொறியாளர் விமானத்துக்குச் சொன்னதும், கான்கிரீட்காரர்கள் கூரைக்குச் சொன்னதும் அடிப்படையில் ஒரே நிபந்தனை. பசையிடம் அதன் முழு பலத்தையும் ஒருபோதும் கேட்காதே.

இந்த வாரம் முழுக்க ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். பசை உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அப்படியே ஒப்புக்கொண்டோம். பசைக்கும் உலோகத்துக்கும் இடையில் ஈரம் புகுந்துவிட்டால் திரிபுக் கணக்கெல்லாம் வீண். 1988 ஏப்ரலில், ஹவாய் தீவுகளுக்கு மேலே 24,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 737-ன் கூரை பிய்த்துக்கொண்டு போனது அப்படித்தான் தொடங்கியது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(ஒட்டுவோம்...)